அரைஞாண் கயிற்றுக்கு அடியில்

நான் பிழைத்தது எப்படி என்பதற்கு எங்கள் தெருவில் இப்போது இரண்டு கதைகள் உலவுகின்றன. ஒரு சாரார் ஆற்றங்கரை அம்மன் கண் திறந்து பார்த்தாள் என்கிறார்கள். என்னிடம் படித்துவிட்டு இப்போது கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருப்பவனும் அவன் கூட்டாளிகளும், மாத்திரைதான் காப்பாற்றியது, வேறு பேச்சே வேண்டாம் என்கிறார்கள். விசாரிக்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டு, நான் எந்தக் கட்சி என்று என் வாயைக் கிளறுகிறார்கள். நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன், படித்துவிட்டு அவரவர் கட்சியை அவரவர் வைத்துக்கொள்ளட்டும். எழுத இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு வந்த காய்ச்சல் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் கால் வைக்கிற யாருக்கும் வரலாம்.

நான் திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். கடவுள் நம்பிக்கை இல்லாதவன். அதற்காக யாரோடும் சண்டைக்குப் போகிற ரகமில்லை. என் மனைவி விசாலம் கோயிலுக்குக் கிளம்பினால் கூடவே போவேன், வாசலோடு நின்றுவிடுவேன். "உள்ள வந்தா என்ன, காலு தேஞ்சா போயிடும்?" என்பாள். "செருப்பை யார் பாத்துக்கறது?" என்பேன். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் எங்களுக்குள் ஏற்பாடு. அவள் சாமியைப் பார்ப்பாள், நான் செருப்பைப் பார்ப்பேன். இரண்டு பேருக்கும் இதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

இவ்வளவு பேசுகிற என் இடுப்பில் ஒரு கறுப்பு அரைஞாண் கயிறு மட்டும் இருந்தது. பழசு அறுந்தால் புதுசு மாற்றிக்கொள்வேனே தவிர, ஒரு நாளும் அது இல்லாமல் இருந்ததில்லை. எங்கள் பக்கத்தில் ஓர் ஆணின் இடுப்பிலிருந்து அதை அறுத்துப் போடுவது அவன் செத்த பிறகுதான். சக ஆசிரியர்கள் கிண்டல் செய்தால், "வேட்டி நிக்கறதுக்குய்யா" என்று சொல்லிவிடுவேன். பேன்ட் போட்டுக்கொண்டுதான் சொல்வேன்.

ஓய்வு பெற்றதும் எனக்கு நானே ஒரு சின்னத் தொலைநோக்கி வாங்கிக்கொண்டேன். கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் சாயங்காலம், மழை விட்டு வானம் பளிச்சென்று இருந்தது. எங்கள் வயலை ஒட்டிய வாய்க்கால் கரையில் துண்டை விரித்துச் சாய்ந்து படுத்துக்கொண்டு நிலா கிளம்புவதைப் பார்த்தேன். அதற்குப் பக்கத்திலேயே ரோகிணி நட்சத்திரம் செக்கச்செவேல் என்று இருந்தது. ஒரு மணி நேரம் கிடந்திருப்பேன். கொசு கடித்தது நினைவிருக்கிறது. வேறு எதுவும் கடித்ததாகத் தெரியவில்லை.

பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வந்தது. வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் ஊசி போட்டார், மாத்திரை கொடுத்தார். காய்ச்சல் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. மண்டை பிளந்தது, இருமல் வந்தது. எட்டாம் நாள் வாசல் கேட்டிலிருந்து கூடம் வரை நடப்பதற்குள் மூச்சு வாங்கியது. விசாலத்தின் தம்பி ராஜேந்திரன், எங்கள் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறவர், நாற்று ஏற்றுகிற வண்டியையே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "மாமா, இனிமே உங்க பேச்சைக் கேக்கறதா இல்ல" என்று என்னைத் தூக்கி முன் சீட்டில் உட்கார வைத்தார். தஞ்சாவூர் மருத்துவமனையில் இறங்கும்போது என் வேட்டியில் வைக்கோல் ஒட்டிக்கொண்டிருந்தது.

என்னைப் பார்த்த டாக்டர் பெயர் ஆக்னஸ். நாகப்பட்டினம் பக்கத்துப் பெண், முப்பத்திரண்டு முப்பத்துமூன்று வயதிருக்கும். அதிகம் பேசாதவர், ஆனால் கேள்வி நிறையக் கேட்பவர். என் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார், அக்குள், கழுத்து, முழங்கால் மடிப்பு எல்லாம் பார்த்தார். பிறகு கேட்டார்: "சார், உடம்புல எங்கயாவது கறுப்பா பொருக்கு மாதிரி, சின்னப் புண்ணு பாத்தீங்களா?"

"இல்லம்மா."

"நல்லாப் பாத்தீங்களா? வலிக்காது, அரிக்காது. அதனால தெரியாமக்கூட இருக்கலாம். இடுப்புக்கிட்ட?"

எனக்கு அப்போது குளிர் தூக்கித் தூக்கிப் போட்டது. ஒருக்களித்துப் படுத்துப் போர்வையை இறுக்கிப் பிடித்திருந்தேன். "அங்க ஒண்ணும் இல்லம்மா. என் உடம்பு எனக்குத் தெரியாதா?" என்றேன். அவர் ஒரு நொடி நின்றார். பிறகு "சரிங்க சார்" என்று எழுதிக்கொண்டார்.

இந்த இடத்தை இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது. வகுப்பில் எத்தனை பையன்களை நிற்க வைத்திருப்பேன், அளந்து பார்க்காமல் அளவை எழுதினான் என்று. நான் பார்க்கவில்லை. பார்க்காமலே இல்லை என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு ரத்தம் எடுத்தார்கள். டெங்கு இல்லை. மலேரியா இல்லை. டைபாய்டு இல்லை. எலிக்காய்ச்சல் இல்லை. இன்னும் ஒன்றிரண்டுக்கு அவசரப் பரிசோதனை செய்தார்கள், அதுவும் இல்லை என்றே வந்தது. ஆனால் உடம்புக்குள் எல்லாமே கெட்டுக்கொண்டிருந்தது. ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் குறைந்துகொண்டே போயின. ஈரல் வீங்கியிருந்தது. எக்ஸ்ரேயில் நுரையீரல் இரண்டு பக்கமும் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. காற்று இருக்க வேண்டிய இடத்தில் நீர் கோத்திருக்கிறது என்று பொருளாம். நிமோனியாவாக இருக்கலாம் என்று அதற்கு மருந்து ஏற்றினார்கள். இரண்டாம் நாள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றி, மூக்கையும் வாயையும் மூடி ஆக்சிஜன் முகமூடி போட்டார்கள்.

அந்த அறையில் பகலா இரவா என்று தெரியாது. எப்போதும் ஒரே வெளிச்சம், ஒரே குளிர், எங்கோ ஒரு இயந்திரம் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். என் மூளை சரியாக இருக்கிறதா என்று பார்க்க நானே ஒரு வழி வைத்துக்கொண்டேன். பதினேழாம் வாய்ப்பாட்டை மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன். முதல் நாள் கடகடவென்று வந்தது. இரண்டாம் நாள் தயங்கித் தயங்கி வந்தது. மூன்றாம் நாள் காலையில் பதினேழு ஐந்து எண்பத்தைந்து என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனேன், அடுத்தது இல்லை. படிக்கட்டு இருக்கிறது என்று காலை வைத்தால் வெறும் பள்ளம். மறுபடி முதலிலிருந்து வந்தேன். மறுபடியும் அதே இடத்தில் நின்றது.

எனக்குச் சாவு பயம் அவ்வளவாக இல்லை. ஆனால் அன்றைக்கு நான் பயந்தேன். விசாலத்துக்கு அம்மன் இருக்கிறாள், எனக்கு இருந்ததெல்லாம் இந்த ஒரு மண்டைதான். அதுவும் போய்விட்டால் கடைசியில் நான் எதைப் பிடித்துக்கொள்வது? முகமூடிக்குள் அழுதேன். கண்ணீர் காதுக்குள் போனது.

காலையில் உடம்பு துடைக்க வந்தவர் முருகேசன் என்ற ஆண் செவிலியர். சின்னக் குழந்தையைப் புரட்டுவது போலப் பதமாகப் புரட்டுவார். அன்று இடுப்பைத் துடைக்கும்போது சொன்னார்: "சார், கயிறு ஈரத்துல ஊறி ஒட்டிக்கிட்டிருக்கு. கட் பண்ணிடட்டுங்களா? வீட்டுக்குப் போறப்ப புதுசு கட்டிக்கலாம்."

"தொடாதீங்க தம்பி," என்றேன். முகமூடிக்குள்ளிருந்து அவ்வளவு சத்தம் எப்படி வந்தது என்று தெரியவில்லை.

அவர் கத்தரிக்கோலைப் பையில் போட்டுக்கொண்டார். "சரிங்க சார். எங்க வீட்லயும் அப்படித்தான்" என்று சொல்லி, கயிற்றுக்கு மேலேயும் கீழேயும் துடைத்துவிட்டு, கயிற்றை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டார். பதினேழு ஆறு மறந்துபோன மண்டைக்கு அரைஞாண் கயிற்றை அறுத்தால் பிணம் என்பது மட்டும் மறக்கவில்லை.

பார்வையாளர் நேரம் சாயங்காலம் நாலு மணிக்கு, ஆளுக்கு ஐந்து நிமிஷம். ராஜேந்திரன்தான் முதலில் வருவார். என் மூக்குக் கண்ணாடியைச் சட்டைப்பையில் வைத்திருப்பார். அதைத் துண்டால் துடைத்து, முகமூடிக்கு மேலே என் கண்ணுக்கு நேராகக் கையால் பிடித்துக்கொண்டு நிற்பார். "அக்கா வருது மாமா, நல்லாப் பாத்துக்கங்க" என்பார். தன்னுடைய ஐந்து நிமிஷத்தை அப்படியே கண்ணாடி பிடிப்பதற்குக் கொடுத்துவிடுவார். ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்கியதையோ கட்டிய பணத்தையோ என் காதில் விழ விட்டதில்லை.

அன்று விசாலம் வந்தபோது அவள் முகம் உப்பியிருந்தது. வெளியே டாக்டர் ஆக்னஸ் அவளிடம், நாளைக் காலைக்குள் தேறாவிட்டால் தொண்டைக்குள் குழாய் விட்டு இயந்திரம்தான் மூச்சு விட வைக்க வேண்டியிருக்கும் என்று சொல்லியிருந்தார். எனக்கு அது பிறகுதான் தெரியும். அவள் முந்தானையிலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்தாள். உள்ளே ஒரு ரூபாய்க் காசு. வேண்டுதலுக்கு முடிந்து வைக்கிற காணிக்கை. என் வலது கையில் கட்டப் பார்த்தாள், ஊசி. இடது கையில் பார்த்தாள், ரத்த அழுத்தப் பட்டை.

"கையில ஒண்ணும் கட்டக்கூடாதும்மா," என்றார் முருகேசன்.

"அப்ப இடுப்புக் கயித்துல முடிஞ்சுக்கறேன் தம்பி. யாருக்கும் தெரியாது."

அவர் என்ன நினைத்தாரோ, முகத்தைத் திருப்பிக்கொண்டார். விசாலம் போர்வைக்குள் கையை விட்டாள். இடது பக்கம் முதுகோரமாகக் கயிறு இறுகி ஒட்டியிருந்தது. முடிச்சுப் போட இடம் வேண்டுமே, நகத்தால் மெல்ல நெம்பித் தூக்கினாள். கை அப்படியே நின்றது. போர்வையை விலக்கிக் குனிந்து பார்த்தாள்.

"தம்பி, இங்க என்ன இது? கறுப்பா இருக்கு?"

முருகேசன் வந்து பார்த்தார். பார்த்தவர் வெளியே ஓடினார். இரண்டு நிமிஷத்தில் டாக்டர் ஆக்னஸ் கையில் டார்ச்சோடு வந்தார், சாப்பிட்ட கையைக் கழுவிய ஈரம்கூடக் காயவில்லை. குனிந்து வெகு நேரம் பார்த்தார். முருகேசன் கத்தரிக்கோலை நீட்டினார். "அறுக்க வேணாம். அவிழ்த்துக்கறேன்" என்றார் டாக்டர். நனைந்து இறுகிப்போன அந்த முடிச்சைக் கையுறை விரலால் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, கயிற்றை ஒரு கவரில் போட்டு விசாலத்திடம் கொடுத்தார்.

பிறகு அதைப் படம் எடுத்து எனக்குக் காட்டினார். முழு உளுந்து அளவுக்கு ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம். பீடி நெருப்பு பட்டாற்போல இருந்தது. சரியாகக் கயிறு படிந்த கோட்டின் மேலேயே இருந்தது.

"உண்ணிக் காய்ச்சல் சார்," என்றார். "புல்லு புதர்ல இருக்கற ஒரு பூச்சியோட குஞ்சு. கண்ணுக்கே தெரியாது. உடுப்பு இறுக்கமா இருக்கற இடம் வரைக்கும் ஏறி வந்து அங்க கடிக்கும். கடிச்ச இடம்தான் இது. முதல் நாளே இதத்தான் தேடினேன். அவசர டெஸ்ட்டு சில சமயம் இல்லைன்னு பொய் சொல்லும். இது சொல்லாது."

அதற்கான மருந்து ஒன்றும் அபூர்வமானதில்லை. டாக்சிசைக்ளின் என்று பெயர், எங்கள் ஊர்க் கடையிலேயே கிடைக்கும். அது எப்படி வேலை செய்கிறது என்று பிறகு முருகேசனை நச்சரித்துக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்தப் பூச்சியின் எச்சிலில் வருகிற கிருமி, நம் ரத்தக்குழாய்ச் சுவரின் உயிரணுவுக்குள் புகுந்துகொண்டு பெருகுமாம். மருந்து அதை அடித்துக் கொல்வதில்லை. பெருகுவதற்கு வேண்டிய புரதத்தைச் செய்ய விடாமல் அதன் கையைக் கட்டிப்போடுகிறது. மிச்சத்தை உடம்பே பார்த்துக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத பூச்சி, அதற்குள் அதைவிடச் சின்ன உயிர், அதற்குள் ஒரு பட்டறை, அந்தப் பட்டறையின் ஒரே ஒரு உறுப்பில் போய்ச் சரியாக உட்காருகிற மருந்து. இதை மனிதன் கண்டுபிடித்திருக்கிறான். படுத்தபடி இதை நினைக்க நினைக்க எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கோயிலில் விசாலத்துக்கு வருவதாகச் சொல்வாளே, அது இதுதானோ என்று தோன்றியது.

மறுநாள் இரவு வியர்த்துக் கொட்டி காய்ச்சல் விட்டது. குழாய் போட வேண்டிய அவசியம் வரவில்லை. விடிந்ததும் முருகேசன் திரையை விலக்கினார். பக்கத்துக் கட்டிடத்துத் தண்ணீர்த் தொட்டிமேல் வெயில் அடித்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கூப்பிடாமலே பதினேழு ஆறு நூற்றிரண்டு என்று வந்தது. பிறகு நூற்றுப்பத்தொன்பது வந்தது. நூற்றி முப்பத்தாறு வந்தது. நூற்றி எழுபது வரைக்கும் போய்விட்டு மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். முருகேசன், "சார், சாமி மந்திரங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

வீட்டுக்குக் கிளம்புகிற அன்று டாக்டர் ஆக்னஸிடம் மன்னிப்புக் கேட்டேன். "நான் இல்லைன்னு சொன்னதுனாலதானேம்மா இவ்வளவு தூரம் வந்துது."

"இல்ல சார். தப்பு என்னோடது," என்றார். "வாத்தியார் சொன்னா சரியா இருக்கும்னு நம்பிட்டேன். நானே பாத்திருக்கணும்."

வீட்டுக்கு வந்து கஞ்சி ரசமாகி, ரசம் சாம்பாரான பிறகு விசாலம், "ஒரு வேண்டுதல் பாக்கி இருக்கு" என்றாள். மொட்டையா, அங்கப்பிரதட்சணமா, எதற்கு என் உடம்பை ஒப்புக்கொண்டிருக்கிறாளோ என்று தலையைத் தடவிக்கொண்டேன்.

"பயப்படாதீங்க, உங்களுக்கு ஒண்ணும் இல்ல. அந்த டாக்டர் பொண்ணு பேருக்கு ஒரு அர்ச்சனை. அவ்வளவுதான்."

"எனக்கு முடியலைன்னா டாக்டருக்கு எதுக்கு அர்ச்சனை?"

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. "உங்களக் காப்பாத்துன்னு கேக்க வாய் வரலைங்க. நீங்கதான் அவ வாசலுக்குள்ளயே வர்றதில்லையே, எந்த மொகத்தோட கேக்கறது? அந்தப் பொண்ணு வெளியில வந்து எங்கிட்டப் பேசறப்ப பாத்தேன். உங்களுக்கு என்ன சீக்குன்னு அதுக்குப் புரியல. அது கண்ணுல தெரிஞ்சுது. அதான், தாயே, இந்தப் பொண்ணுக்குப் புரிய வையி, புத்தியக் குடுன்னு கேட்டேன்."

முப்பத்தைந்து வருஷமாக இவள் உள்ளே போய் என்ன கேட்கிறாள் என்று நான் வாசலில் நின்று கற்பனை செய்துகொண்டதெல்லாம் வேறு. உயிர் போகிற நேரத்தில் சாமியிடம் போய் இன்னொருத்திக்கு அறிவு கேட்டிருக்கிறாள்.

"செக்கப்புக்குப் போறப்ப அது நட்சத்திரத்தக் கேட்டுட்டு வந்துடுங்க," என்றாள்.

என் வாழ்நாளில் நான் யாரிடமும் நட்சத்திரம் கேட்டதில்லை. ரத்த அழுத்தம் பார்த்து முடித்த டாக்டரிடம் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "நான் கிறிஸ்டியன் சார். எங்க வீட்ல அதெல்லாம் குறிச்சு வைக்கறதில்ல." ஏன் கேட்கிறேன் என்று சொன்னேன். விசாலம் கேட்ட வார்த்தையையும் அப்படியே சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது. மேஜை மேல் இருந்த ஸ்டெதாஸ்கோப்பைச் சுருட்டினார், பிரித்தார்.

"அன்னிக்கு எனக்கு நெசமாவே ஒண்ணும் புரியல சார்," என்றார். பிறகு அம்மாவுக்குப் போன் போட்டு, தான் பிறந்த நேரத்தைக் கேட்டு, தேதியோடு சேர்த்து மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார்.

ஜோசியரிடம் போகலாம் என்றாள் விசாலம். நான் விடவில்லை. நட்சத்திரம் என்பது என்ன? சந்திரன் போகிற பாதையை இருபத்தேழு பங்காகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நாம் பிறந்தபோது அது எந்தப் பங்கில் நின்றதோ அதுதான் நம் நட்சத்திரம். பலன் சொல்வது எனக்கு வேண்டாம், இது வெறும் வானியல். வானியல் அட்டவணையை எடுத்து, பஞ்சாங்கத்தின் தொடக்கப் புள்ளிக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கழித்து, இரண்டு முறை சரிபார்த்தேன். வந்த விடை ரோகிணி.

வாய்க்கால் கரையில் நான் படுத்திருந்த சாயங்காலம் நிலா நின்ற அதே இடம். இருபத்தேழில் ஒன்று அப்படி அமையும். அதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வெளியே நின்று வானத்தைப் பார்த்தேன்.

தை வெள்ளிக்கிழமை ஆற்றங்கரைக் கோயிலுக்குப் போனோம். விசாலம் மஞ்சள் துணிக் காசோடும் அர்ச்சனைத் தட்டோடும் உள்ளே போனாள். நான் வழக்கம்போல வாசலில், இரண்டு ஜோடி செருப்புக்குப் பக்கத்தில் நின்றேன். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, திரும்பி வந்துவிட்டாள்.

"என்னங்க, ஆக்னஸ், ரோகிணின்னு சொன்னேன். பூசாரி யாரு பாத்துச் சொன்னதுங்கறாரு. எங்க வீட்டுக்காரர் கணக்குப் போட்டாருன்னேன். சாரா போட்டாரு? அப்ப அவர் வாயாலயே வந்து சொல்லட்டும்னு தட்டக் கையில வச்சுக்கிட்டு நிக்கறாரு."

பூசாரி என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவன். உள்ளே விளக்கு வெளிச்சத்தில் அவன் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. காவிரியிலிருந்து குளிர்ந்த காற்று வந்தது. நான் செருப்பைக் கழற்றினேன்.

"செருப்பு?" என்றாள் விசாலம்.

"கெடக்கட்டும், வா," என்றேன்.